ஓடாத வண்டியில் குறையும் மின்சாரம்



சென்ற கோடையில் நானும் என் மனைவியும் மகள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்துவிட்டுப் பின்னிரவில் ஊர் திரும்பினோம். வழியிலேயே என் மனைவிக்குக் கடுங்காய்ச்சல் கண்டுவிட்டது. வீட்டு வாசலில் எங்கள் மின்சாரக் கார் நின்றது. நாங்கள் புறப்பட்ட நாளில் அதன் பாட்டரியில் நூற்றுக்கு 70 பங்கு மின்சாரம் இருந்தது. ஆகவே மருத்துவமனைக்குச் செல்லத் தடையில்லை என்று எண்ணிச் சாவியின் பொத்தானை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை, விளக்கும் எரியவில்லை. அண்டை வீட்டார் தம் வண்டியில் அழைத்துச் சென்றிராவிடில் அன்று பெருந்துன்பம் நேர்ந்திருக்கும்.

மறுநாள் வண்டியைப் பார்க்க வந்தவர் என்னிடம் படித்தவர். அவர் வேறொரு பாட்டரியை இணைத்து வண்டியை எழுப்பினார். "ஐயா, பெரிய பாட்டரியில் இன்னும் 64 பங்கு இருக்கிறது. சிறிய பாட்டரிதான் தீர்ந்து போயிற்று" என்றார். பல்லாண்டு பௌதிகம் கற்பித்த எனக்குச் சற்று நாணமாகவே இருந்தது. ஓடாத வண்டியில் 6 பங்கு எவ்வாறு குறைந்தது? 64 பங்கு இருந்தும் வண்டி ஏன் எழவில்லை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

பெரிய பாட்டரி லிதியம் அயனி வகையைச் சேர்ந்தது. இவ்வகையை உருவாக்கியதற்காகவே குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்சாரத்தை எவரும் எடுக்காவிட்டாலும், கலத்தினுள் சிறு சிறு வேதி வினைகள் நடந்துகொண்டேயிருக்கும். மண்பானை நீர் கசிவதைப் போன்றது இது. ஆனால் லிதியம் கலத்தில் இக்கசிவு மிகச் சிறிது. திங்களுக்கு நூற்றுக்கு ஓரிரு பங்கே இருக்கும். ஆகவே மூன்று வாரத்தில் 6 பங்கு குறைந்ததற்குக் கசிவு மட்டும் காரணமாகாது.

மற்றொரு காரணம் வண்டியின் விழிப்பு. நின்றாலும் அது முற்றும் உறங்குவதில்லை. சாவியின் அழைப்பைக் கேட்க ஒரு கருவி, கைப்பேசியோடு தொடர்பு கொள்ள ஒரு கருவி, பாட்டரியின் நிலையைக் காக்க ஒரு கருவி என்று பல கருவிகள் விழித்திருக்கின்றன. எங்கள் வண்டியின் பாட்டரி 40 யூனிட் கொள்ளும். 6 பங்கு என்பது 2.4 யூனிட், அதாவது 2,400 வாட்-மணி. 21 நாளுக்கு 504 மணி. வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 5 வாட் வரும். இரவும் பகலும் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு எரிந்த கணக்குத்தான்!

சில வண்டிகளில் சுற்றுப்புறத்தை இடையறாது காமிராவால் கண்காணிக்கும் வசதி உண்டு. அதற்கு 200 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 4.8 யூனிட், அதாவது எங்கள் பாட்டரியில் 12 பங்கு செலவாகும். 70 பங்கும் ஆறு நாளுக்குள் தீர்ந்துவிடும். காவற்காரனுக்கும் கூலி உண்டல்லவா?

இனி இரண்டாவது வினா. பெரிய பாட்டரியின் மின்னழுத்தம் பல வண்டிகளில் 300 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். அது உயிரைக் குடிக்க வல்லது. எனவே வண்டி நின்றவுடன் சில சுவிட்சுகள் அதனை மற்றப் பகுதிகளினின்றும் துண்டித்துவிடுகின்றன. அந்தச் சுவிட்சுகளை மீண்டும் இணைப்பதற்கு 12 வோல்ட் சிறிய பாட்டரியின் மின்சாரம் வேண்டும். களஞ்சியத்தில் நெல் நிறைந்திருக்கிறது. திறவுகோலோ வாயில் காப்போனிடம் இருக்கிறது. காப்போன் மயங்கி விழுந்தால் நெல் இருந்தும் பயனில்லை.

எங்கள் வண்டியின் சிறிய பாட்டரி, 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே கண்ட ஈய-அமில வகையைச் சேர்ந்தது. அதன் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி. 12ஆல் பெருக்கினால் 540 வாட்-மணி, அரை யூனிட்டுக்குச் சற்று மிகுதி. 5 வாட் வீதம் செலவானால் நான்கரை நாளில் அது தீர்ந்துவிடும். அதனால்தான் வண்டி அவ்வப்போது தானே விழித்து, பெரியதிலிருந்து சிறியதற்கு மின்னேற்றிக்கொள்கிறது. ஆனால் எங்கள் சிறிய பாட்டரி ஆண்டுகள் பலவும் கோடை வெயில்கள் பலவும் கண்டது. அதன் ஈயத் தகடுகள் நலிந்து, ஏற்றிய மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஆற்றலை இழந்திருந்தன.

பின்னர் ஒரு சோதனை செய்தேன். ஒரு வாரம் வண்டியை ஓட்டாமல், கைப்பேசியின் வழியே நாள்தோறும் பலமுறை அதன் நிலையைப் பார்த்தேன். 4 பங்கு குறைந்தது. மறு வாரம் கைப்பேசியில் பார்க்கவேயில்லை. 2 பங்கே குறைந்தது. எத்தனை பங்கு இருக்கிறது என்று பார்த்ததே குறைவதற்குக் காரணமாயிற்று! ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் உறங்கும் வண்டியை எழுப்பிவிடுகிறோம். இத்தகைய சோதனையில் ஒரு நாள் அளவை மட்டும் நம்பலாகாது. ஒரு பங்குக்குக் குறைந்த மாறுதலைக் காட்டி காட்டாது; வெப்பம் மாறினாலும் அதன் மதிப்பீடு மாறும். பல நாள் அளந்து, ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

நெடுநாள் வண்டியை நிறுத்துவோர் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் நலம். பெரிய பாட்டரியை நிறைத்தும் வைக்கவேண்டா, வறிதாக்கியும் வைக்கவேண்டா, பாதியளவு சாலும். நிறைந்த நிலையும் வெப்பமும் சேர்ந்தால் லிதியம் கலம் விரைவில் மூப்படையும். ஆதலின் நிழல் தேடி நிறுத்துக. தேவையற்ற கண்காணிப்பை நிறுத்துக. சிறிய பாட்டரியை ஆண்டுக்கொருமுறை சோதிக்கச் செய்க. மின்னேற்றியோடு இணைத்து வைக்கலாமா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும்; கையேட்டைப் படித்தறிக. பல வண்டிகளில், மின்சாரமின்றியே கதவைத் திறக்கும் சாவி ஒன்று சாவிக்கூட்டினுள் மறைந்திருக்கும். எங்கள் வண்டியிலும் அது இருந்தது. அதனை நான் அறிந்திருக்கவில்லை.

அன்றிரவு வண்டியைச் செய்தவரையே நான் மனத்திற்குள் பழித்தேன். பழிப்பதற்குமுன் அளந்திருந்தால், குறை எங்கே என்பது விளங்கியிருக்கும். நீங்கள் அளந்தறியும் பழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்ளுங்கள்.