அம்பாசிடர் மீண்டும் வருமா?

புது தில்லி: ராய்சினா குன்றின் மீது எதிரெதிராக நிற்கும் நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களின் வாயிலில் ஒரு காலத்தில் வெள்ளை அம்பாசிடர் கார்கள் வரிசையாக நிற்கும். உள்ளே இருப்பவர் அமைச்சரா, செயலரா, இணைச் செயலரா என்பதைக் காரைப் பார்த்து அறிய முடியாது. ஜன்னல் திரையையும் கூரை மீதுள்ள விளக்கையும் பார்த்துத்தான் அறிய வேண்டும். எல்லோருக்கும் ஒரே கார் என்றிருந்த காலம் அது.

அந்தக் காரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. ஆனால் அதைப் பற்றிய ஊகங்கள் நிற்கவில்லை. "அம்பாசிடர் மீண்டும் வருகிறது", "மின்சாரக் காராக வருகிறது" என்ற செய்திகள் அவ்வப்போது எழுந்து அடங்குகின்றன. உண்மையில் அதன் எதிர்காலம் என்ன?

உரிமம் வளர்த்த கார்

பிர்லா குடும்பம் 1942-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இயங்கி, பின்னர் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவுக்கு மாறியது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தைத் தழுவி, 1957-58-ல் அம்பாசிடர் பிறந்தது. பிரிட்டனில் அந்தக் கார் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. இந்தியாவிலோ அதன் உருவம் 56 ஆண்டுகள் பெரிதாக மாறாமல் நீடித்தது.

இதற்குக் காரணம் மக்களின் விருப்பம் மட்டுமல்ல. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு, உற்பத்திக்கு உரிமம், எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் வரம்பு. மும்பையின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகிய இரு நிறுவனங்களைத் தவிர வேறு போட்டி இல்லை எனலாம். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். வாங்குபவர் காத்திருக்கும்போது, காரைச் செம்மைப்படுத்த வேண்டிய அவசரம் செய்பவருக்கு ஏன் வரப்போகிறது?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் பிறகும் 1980-களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு 24 ஆயிரம் அளவுக்கு அம்பாசிடர் விற்றது. 1993-ல் கார் உற்பத்திக்கு உரிமம் பெறும் முறை நீக்கப்பட்டு, பன்னாட்டு நிறுவனங்கள் வரத் தொடங்கியதும் சரிவு வேகமெடுத்தது. இசுசு எஞ்சின், நோவா, கிராண்ட், அவிகோ, என்கோர் எனப் பெயர்களும் உறுப்புகளும் மாறின, கார் மாறவில்லை. 2013-14-ல் விற்பனை சுமார் 2,200 மட்டுமே.

இறுதிக் காலத்தில் அதைத் தாங்கி நின்றவை இரண்டு: அரசுத் துறைகளும் டாக்ஸிகளும். அவற்றில் முதல் தூணைச் சாய்த்தது பாதுகாப்புக் கவலை. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தைத் தாக்கிய பயங்கரவாதிகள் வந்தது, சிவப்பு விளக்கும் உள்துறை அமைச்சகத்தின் போலி அனுமதி வில்லையும் கொண்ட வெள்ளை அம்பாசிடரில்தான். எந்தக் கார் அதிகாரத்தின் அடையாளமாக இருந்ததோ, அதுவே தாக்குதலுக்கு மறைப்பாகவும் பயன்பட்டது. அதன் பிறகு பிரதமரின் பயணத்துக்குக் குண்டு துளைக்காத பிஎம்டபிள்யூ கார்கள் வந்தன. அமைச்சகங்களும் மெல்ல வேறு கார்களுக்கு மாறின.

பெயருக்கு 80 கோடி

ஆலையை நிறுத்தியபோது நிர்வாகம் சொன்ன காரணங்கள்: மிகக் குறைந்த உற்பத்தித் திறன், ஒழுங்கின்மை, நிதி நெருக்கடி, தேவைக் குறைவு, பெருகிய கடன் சுமை. "ஒழுங்கின்மை" என்ற சொல் தொழிலாளர் மீது பழி சுமத்துவதாகத் தொழிற்சங்கங்களைச் சீற்றமடையச் செய்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலையின்றி வாயிலுக்கு வெளியே நின்றனர். பெயரிலேயே அந்த ஆலையைத் தாங்கிய "ஹிந்த்மோட்டார்" என்ற ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது. ஆலைதான் இல்லை. ஆலைக்கு அளிக்கப்பட்ட நிலத்தில் பயன்படாமல் கிடந்த 395 ஏக்கரைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாநில அரசு 2022-ல் உத்தரவிட்டது. 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

கார் இறந்தாலும் பெயருக்கு மதிப்பு இருந்தது. 2017 பிப்ரவரியில் பிரான்ஸின் பேஜோ நிறுவனம் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் ரூ. 80 கோடிக்கு வாங்கியது. அந்தக் குழுமம் 2021-ல் ஸ்டெல்லாண்டிஸ் என்ற பெரிய குழுமத்தின் அங்கமானது. இதில் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முன்பு மிட்சுபிஷி கார்களைத் தயாரித்த திருவள்ளூர் ஆலையில்தான் இக்குழுமத்தின் சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன. ஆலையும் உண்டு, பெயரின் உரிமையும் உண்டு. ஆனால் அந்தப் பெயரில் இதுவரை ஒரு கார்கூட வரவில்லை. இரண்டே ஆண்டில் புதிய அம்பாசிடர் வரும் என 2022-ல் பரபரப்பாகப் பேசப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளும் கடந்துவிட்டன.

நாளை அந்தப் பெயர் ஒரு மின்சாரக் காரின் முகப்பில் ஒட்டப்படலாம். ஆனால் பழைய அம்பாசிடர் அதே உருவில் திரும்ப வழியில்லை. 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களும் மோதல் சோதனையில் தேற வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை-6 மாசு விதி நடைமுறையில் உள்ளது. முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம். 1950-களின் கட்டுமானத்தை இவற்றுக்கு ஏற்ப மாற்றுவதைவிடப் புதிய கார் ஒன்றை வடிவமைப்பது எளிது.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையே

எஞ்சியிருக்கும் அம்பாசிடர்களின் கதி என்ன? தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் உரிமையாளர்களுக்குக் கிடைத்த இடைக்கால நிம்மதியை, அதே ஆண்டு டிசம்பரில் பாரத் நிலை-4-க்குக் குறையாத வண்டிகளுக்கு மட்டும் என நீதிமன்றம் சுருக்கியது. அம்பாசிடர்களில் பெரும்பாலானவை அந்த வரம்புக்கு வெளியே நிற்பவை. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவும் 2023 ஏப்ரல் முதல் ரத்தாகிறது. அரசே வளர்த்த காரை அரசே காயலான் கடைக்கு அனுப்புகிறது.

மறுபுறம், 2021-ல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி பாரம்பரிய வாகனமாகப் பதிவு பெறலாம், கட்டணம் ரூ. 20 ஆயிரம். அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆக, தலைநகரில் இந்தக் கார் 15 வயதில் வேண்டாத பொருள்; 50 வயதில் போற்றத்தக்க சின்னம். இடைப்பட்ட 35 ஆண்டுகளைக் கடக்கச் செய்வது வசதி படைத்தவர்களால் மட்டுமே இயலும்.

வசதி இல்லாதவர்களைக் காண கொல்கத்தாவுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள மஞ்சள் டாக்ஸிகள் அனைத்தும் ஒரு காலத்தில் அம்பாசிடர்களே. ஓட்டுநர்களில் பலர் பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைப்பு தேடி வந்தவர்கள். 15 ஆண்டு கடந்த வாடகை வாகனங்கள் பெருநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008-ல் உத்தரவிட்டது. கடைசி வண்டிகள் 2014-ல் செய்யப்பட்டவை என்பதால் கணக்கு எளிது: 2029 வாக்கில் அம்பாசிடர் டாக்ஸி என்பதே அங்கு இருக்காது. வேறு கார்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசி ஓட்டுவது 2025-ல் தொடங்கிவிட்டது. நகரின் அடையாளத்தை வண்ணத்தால் காப்பாற்றிவிடலாம். ஆனால் சொந்தமாக ஒரே ஒரு பழைய வண்டியை வைத்துப் பிழைத்தவர், புதிய காருக்குக் கடன் பெற்று, செயலி நிறுவனங்களுடன் போட்டியிட்டு, தவணையும் கட்ட வேண்டும். ஊகங்கள் புதிய காரைப் பற்றியே பேசுகின்றன. இவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மாசுள்ள காற்றைச் சுவாசிக்கும் நகரங்களில் பழைய எஞ்சின்கள் விலக வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் அம்பாசிடரின் கதை அரசுக்கு இரண்டு பாடங்களைச் சொல்கிறது. போட்டியே இல்லாத பாதுகாப்பு, தொழிலை வலுப்படுத்தாது, தூங்க வைக்கும். விழித்துக்கொள்ளும் நாளில் அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் முதலாளிகளாக இருப்பதில்லை; உத்தரபாராவின் தொழிலாளியும் கொல்கத்தாவின் ஓட்டுநருமே கொடுக்கிறார்கள்.

அம்பாசிடர் என்ற பெயர் ஒரு நாள் திரும்பி வரக்கூடும். அதற்குள் 2029 வந்துவிடும். பெயருக்கு 80 கோடி ரூபாய் கிடைத்தது. அதை ஓட்டியவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்ய இன்னும் சிறிது காலமே மிச்சம் இருக்கிறது.