ஊரின் நடுவிடம் நகருமா?

ஓர் ஊரின் கோயிலும் குளமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவ்வூரின் நடுவிடமாகிய கடைத்தெரு, சில பத்தாண்டுகளில் மெல்ல இடம் பெயர்ந்துவிடுவது உண்டு. இது ஏன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

சரக்கை ஓர் ஊர்தியிலிருந்து இறக்கி மற்றோர் ஊர்தியில் ஏற்ற வேண்டிய இடத்தில் ஊர்கள் வளர்கின்றன என்று, 1894-இல் சார்லஸ் ஹார்ட்டன் கூலி என்ற அமெரிக்க அறிஞர் விளக்கினார். சரக்கு நிற்கும் இடத்திற்குச் சுமையாள், கிடங்கு, தரகர், சோற்றுக்கடை எல்லாம் வந்து சேரும் அல்லவா? நடுவிடம் நகர்வதற்கும் இதுவே காரணம். குமரி மாவட்டத்துக் குளச்சலைக் கொண்டு இதை அறிந்துகொள்வோம்.

குளச்சல் கடலில் தலைநீட்டி நிற்கும் பாறைகள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. ஆகவே அது இயற்கைத் துறைமுகமாயிற்று. டச்சுப் படை வந்திறங்கி, 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றதும் இங்கேதான். பிற்காலத்தில் கயிறும் கனிம மணலும் இங்கிருந்து ஏற்றுமதியாயின. கப்பல்கள் கரைக்கு எட்டவே நங்கூரமிட்டு நிற்கும். படகுகள் சரக்கைக் கொண்டு சேர்க்கும். வண்டியும் படகும் சந்தித்தது கடற்கரையில். வாணிகத்தின் நடுவிடமும் அதுவே. சரக்குப் படகுகள் செல்வதற்காக 1860-இல், கடற்கரையை ஒட்டி அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயும் வெட்டத் தொடங்கினர்.

பின்னர் ஊர்திகள் மாறின. பெரிய கப்பல்களுக்கு ஆழமான துறைமுகம் வேண்டியிருந்தது. தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாயிற்று. 1979-இல் வந்த ரயில் பாதை குளச்சலைத் தொடாமல் இரணியல் வழியே சென்றது. சரக்கு லாரியிலும் மக்கள் பேருந்திலும் சென்றதால், வாணிகம் சாலையை நாடியது. மீன் மட்டும் இன்றும் கரையில்தான் படகிலிருந்து வண்டிக்கு மாறுகிறது. மீனவர் கரையை விட்டு அகலாததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

நடுவிடம் நகர்ந்தாலும் அதன் பழைய தடங்கள் நகர்வதில்லை. படகுகள் செல்லாமல் கைவிடப்பட்ட அக்கால்வாய், கடலுக்கும் மேட்டு நிலத்திற்கும் இடையே கிடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, உயிர் தப்ப ஓடிய பலர் அதைக் கடக்க இயலாமல் மாண்டனர்.

உங்கள் ஊரிலும் பழைய சந்தை, வண்டிப்பேட்டை, படகுத்துறை எங்கே இருந்தன என்று முதியோரிடம் கேட்டு ஒரு படம் வரையுங்கள். பயனற்றுப் போன பாதை எவருடைய வழியையேனும் மறிக்கிறதா என்பதையும் அதில் குறியுங்கள்.