பெட்டி புதிது, வால்வு புதிதா?

வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. சந்தேகப்பட்ட வால்வைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைப் பிரித்துப் புதியதைச் செருகுவார்கள். பிடுங்கியது முழுக்கச் செத்திருக்காது. கொஞ்சம் சோர்ந்திருக்கும், அவசரத்துக்கு உதவும், எறிய மனம் வராது. காலியாகக் கிடக்கும் அந்தப் புதுப் பெட்டிக்குள்ளேயே பழைய வால்வு போய் உட்கார்ந்துகொள்ளும். எதில் எது என்பது மெக்கானிக்குக்கு மனப்பாடம். அவர் காலம் முடிந்து, கடையும் மூடி, பரண் சாமான் எடைக்குப் போகும்போது அதைச் சொல்ல ஆள் இருக்காது. காயலான் கடைக்காரர் பெட்டியைப் பார்ப்பார், 'பிரிக்காத மால்' என்பார். அவர் ஏமாற்றவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சென்னையில் ராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பழைய வீட்டைக் காலி செய்யும் எவருக்கும் இப்படி ஒரு பெட்டி கிடைக்கலாம். இந்த ஊரில் வால்வின் வரலாறு நீளமானது. சென்னை மாகாண ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பை 1924 ஜூலை 31இல் தொடங்கியது. 1930இல் மாநகராட்சி அந்தப் பணியை எடுத்துக்கொண்டது, 1938இல் அகில இந்திய வானொலி வந்தது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் ரேடியோ அறைகள் வால்வில் ஓடின. கரையில் வி.டபிள்யு.எம். என்ற அழைப்புக்குறியோடு மெட்ராஸ் ரேடியோ நிலையம் அவற்றோடு பேசியது. 1961இல் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ரேடியோ வால்வுகளை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. 'பெல்' என்று பெயர் போட்ட அந்த வால்வுகள்தான் நம் ஊர்ப் பரண்களில் எதிர்பார்க்கக்கூடியவை. பழைய சாமான்களின் தலைநகரமாக இருந்த மூர் மார்க்கெட் 1985 மே 30இல் எரிந்துபோனது. அதோடு போனவற்றுக்குக் கணக்கு கிடையாது.

இன்று கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களும், இசையை வால்வு ஒலியில் கேட்க விரும்புபவர்களும் பழைய வால்வுகளை உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் புது உற்பத்தி நடக்கிறது. இருந்தும் பழைய தயாரிப்புக்குத் தனி மவுசு. 'பயன்படுத்தாதது' என்ற ஒரு சொல் விலையைப் பல மடங்கு ஏற்றிவிடும். அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். சூடே ஏறாத, சாக்கெட்டில் செருகவே படாத வால்வு என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. வால்வின் நடுவே இருக்கும் கேத்தோடு ஒரு நிக்கல் குழாய். அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டுகளை வெள்ளையாகப் பூசியிருப்பார்கள். காற்றை உறிஞ்சும்போதே கேத்தோடைச் சூடாக்கி அவற்றை ஆக்சைடாக மாற்றுவார்கள். பிறகு மின்சாரம் கொடுத்துப் பழக்கி, அளந்துபார்த்து, அதன்பிறகே பெட்டியில் போடுவார்கள். ராணுவத்துக்குப் போன சரக்கு அங்கே இன்னொரு முறையும் சோதிக்கப்பட்டிருக்கக்கூடும். ஆகவே சாக்கெட்டில் செருகும் காலில் ஒரு கீறல் தெரிகிறது என்பதற்காக ஒரு வால்வைப் பழையது என்று ஒதுக்கினால் அது அநியாயம்.

மீட்டர் சொல்லுமே என்று பலர் நினைக்கிறார்கள். ரேடியோக்களில் பரவலாக இருந்த இஎல்84 வால்வை எடுத்துக்கொள்வோம். அதன் மின்முனைகளான பிளேட்டிலும் ஸ்கிரீனிலும் 250 வோல்ட், இன்னொரு மின்முனையான கிரிட்டில் மைனஸ் 7.3 வோல்ட் கொடுத்தால் பிளேட்டில் 48 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். கிரிட் வோல்டேஜ் ஒரு வோல்ட் மாறினால் பிளேட் மின்னோட்டம் 11.3 மில்லி ஆம்பியர் என்ற வீதத்தில் மாற வேண்டும். ஏவோ போன்ற நல்ல வால்வு டெஸ்டரில் இந்த எண்கள் கச்சிதமாக வந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். வால்வு புதியது என்று அதற்கு அர்த்தமில்லை.

காரணம் கேத்தோடின் இயல்பிலேயே இருக்கிறது. ஆக்சைடு பூச்சு கிட்டத்தட்ட 750 முதல் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் பிளேட்டுக்குத் தேவையானதைவிட மிக அதிகமாக எலக்ட்ரான்களை வெளியே தள்ளும். அவை கேத்தோடைச் சுற்றி மேகமாக நிற்கும், பிளேட் அதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். வாளி நிறைந்து வருகிறது என்பதால் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் மிச்சம் என்று தெரியாதல்லவா? தினமும் மூன்று மணி நேரம் ரேடியோ கேட்ட வீட்டில் ஒரு வருடத்துக்கு ஓடியது ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். அப்படி ஒரு வருடம் ஓடிய நல்ல வால்வு, புதியதைப் போலவே எண் காட்டக்கூடும். கிணற்றின் ஆழத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டருக்குக் கொடுக்கும் 6.3 வோல்ட்டைப் பத்து சதவீதம் குறைத்து மறுபடி அளக்க வேண்டும். கேத்தோடில் சேமிப்பு இருந்தால் எண் சிறிதளவே இறங்கும், தேய்ந்திருந்தால் சரியும். ஆனால் இதுவும் மிச்ச ஆயுளைத்தான் சொல்லும், கடந்துபோன நாட்களைச் சொல்லாது.

இதைவிட விசித்திரமான நோயும் உண்டு. ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்து, பிளேட்டில் மின்னோட்டம் ஓடாமல் நெடுநேரம் கிடந்த வால்வில், நிக்கலில் கலந்திருக்கும் சிலிக்கன் பூச்சோடு சேர்ந்து இடையில் ஒரு தடைப் படலத்தை உண்டாக்கிவிடும். வேலையே செய்யாமல் கெட்டுப்போகும் வால்வு அது. அமெரிக்காவின் எம்ஐடியில் வேர்ல்விண்ட் கணினியைக் கட்டியவர்கள் இந்தச் சிக்கலைத் தேடிக் கண்டுபிடித்து, சிலிக்கன் இல்லாத நிக்கலைக் கேட்டு வாங்கினார்கள். வால்வுகளின் ஆயுள் பல மடங்கு கூடியது. எந்நேரமும் தயார் நிலையில் எரிந்துகொண்டிருந்த கருவியிலிருந்து கழற்றிய வால்வு, 'அதிகம் ஓடாதது' என்ற பெயரில் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனவே எண்ணை நம்பியது போதும், உடம்பைப் பார்க்க வேண்டும். என் நம்பிக்கை இதில்தான் இருக்கிறது. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிக் கண்ணாடிபோல் மின்னும் திட்டு, கெட்டர் எனப்படும் பேரியப் படலம். உள்ளே மிஞ்சும் வாயுவை அது விழுங்கிக்கொண்டே இருக்கும். பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, விவாதமே வேண்டாம். ஓரங்கள் பழுப்பேறி மெலிந்திருந்தால் நிறைய ஓடியிருக்கலாம். ஆனால் புதிதாக இருக்கும்போதே கெட்டர் ஒன்றுக்கொன்று சிறிதும் பெரிதுமாக இருக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பிளேட்டின் திறப்புக்கு எதிரே கண்ணாடி புகைபோல் கறுத்திருக்கிறதா, உள்ளே மைக்கா தகட்டில் நிறம் மாறியிருக்கிறதா, சூட்டில் சுட்டு ஒட்டிய தூசியின் வளையம் தெரிகிறதா, ஷீல்டு உறை உராய்ந்த கோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கால்களில் ஒரே திசையில் ஓரிரு மெல்லிய கீறல் என்றால் தொழிற்சாலைச் சோதனை. பல தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தால் சாக்கெட் வாழ்க்கை.

நம் கரையோரத்தில் இந்தச் சாட்சிகளே அழிந்துவிடுகின்றன. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று, அதோடு மணலி, எண்ணூர் ஆலைகளின் புகை. பிரிக்காத பெட்டிக்குள் இருந்த வால்வுக்கும் கால்கள் பாசி பிடித்ததுபோல் பச்சையாகவோ கறுப்பாகவோ ஆகியிருக்கும். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று விற்பவர் உப்புத்தாளால் தேய்த்துவிடுவார். அழுக்கோடு கீறலும் போய்விடும். கண்ணாடியைத் துடைத்தால் மேலே அச்சிட்ட எழுத்தும் உதிரும். பரண் பெட்டி யார் கைக்குக் கிடைத்தாலும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: தயவுசெய்து எதையும் துடைக்காதீர்கள். அந்த அழுக்கு வரலாறு.

போலி என்பது இன்னொரு ரகம். அச்சை அழித்துவிட்டுப் பெரிய நிறுவனத்தின் பெயரைப் போடுவது சுலபம். ஃபிலிப்ஸ் குடும்பத் தொழிற்சாலைகள் கண்ணாடியின் அடிப்பகுதியில் அரித்து எழுதிய சிறு குறியீட்டை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் மல்லார்ட் செய்தது என்றால் அதில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பெட்டியின் பெயரும் குறியீடும் ஒத்துப்போகாவிட்டால் நம்ப வேண்டியது குறியீட்டைத்தான். ஒரே தேதிக் குறியீட்டோடு மொத்தமாக வந்த பெரிய அட்டைப்பெட்டி, அதுவும் தயாரிப்பாளரின் ஒட்டு பிரியாமல் இருந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பத்து வால்வுகளும் பத்து வருடங்களைச் சேர்ந்தவை என்றால் அது யாரோ ஒரு மெக்கானிக்கின் சேமிப்பு.

உண்மையிலேயே ஓடாத வால்வும் கெட்டிருக்கலாம். பத்தாண்டுகள் கிடந்ததில் உள்ளே துளி வாயு கசிந்திருந்தால், எலக்ட்ரான்கள் அதில் மோதி அயனிகள் உண்டாகி கிரிட்டில் ஓடக் கூடாத மின்னோட்டம் ஓடும். மின்முனைகளுக்கு நடுவே ஊதா ஒளி தெரிந்தால் அதுதான் அடையாளம். கண்ணாடியின் பரப்பில் மட்டும் தெரியும் நீல மினுக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். நீண்ட நாள் கிடந்த வால்வுக்கு முதலில் ஹீட்டரை மட்டும் சில மணி நேரம் எரியவிட்டு, பிறகு அளப்பது நல்லது. 250 வோல்ட் நேர்மின்சாரம் உயிரைக் குடிக்கும். பழக்கமில்லாதவர்கள் டெஸ்டர் வைத்திருக்கும் அமெச்சூர் ரேடியோக்காரர்களிடமோ வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடமோ கொண்டுபோக வேண்டும்.

அளந்ததும் பிளேட் மின்னோட்டம், ஹீட்டரைக் குறைத்தபோது வந்த எண், கிரிட் கசிவு, கண்ணாடிக் குறியீடு, சோதித்த தேதி ஆகியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வால்வோடு பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். 'முன்கதை தெரியாது' என்பதையும் சேர்த்து எழுதலாம். வாங்குபவர் அதைப் படித்துவிட்டு விலை பேசட்டும்.