வெளியேற வேண்டியவர் யார்?

கலூரில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. கணவர் வீடுகளுக்குச் சாயம் பூசுகிறவர். மனைவி நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிச் சம்பாதிக்கிறவர். அவரை நான் அக்கா என்றே அழைப்பேன். இரண்டாண்டுகளுக்கு முன் ஓர் இரவு, உதடு கிழிந்து இரத்தம் ஒழுக, மகனையும் மகளையும் கையிற் பிடித்துக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார். மறுநாள் என் தாயாரும் நானும் அவரை மாதர் பாதுகாப்பு இல்லம் ஒன்றில் சேர்த்தோம். நம் கடமை முடிந்தது என்று நான் நிம்மதியாகப் படிக்கப் போய்விட்டேன். நான்காம் நாள் அக்கா திரும்பி வந்துவிட்டார்!

"எத்தனை அடிபட்டாலும் இவளுக்குப் புருஷன்தான் வேண்டும்" என்று சந்து பேசிற்று. நானும் அப்படியே எண்ணினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். காரணத்தைப் பின்னர்த்தான் கேட்டேன். மகனுக்கு வயது 13. அந்த வயதுப் பையனைத் தாயுடன் தங்கவைக்க இல்லத்தின் விதி இடந்தரவில்லை. அவன் தகப்பனிடமே விடப்பட்டான். நான்கு நாள் வராத காரணத்தால் வேலை செய்த வீடுகளில் இரண்டு கைவிட்டுப் போயின. மகளுக்கோ தேர்வுக் காலம். அடித்தவருக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. அதே அறை, அதே வேலை, அதே மாலை நேரத்துக் குடி.

எங்கள் இரசாயனச் சோதனைச் சாலையில் நச்சு வாயு கசிந்தால் முதலில் ஆட்களை வெளியே கொண்டுவருவோம். அது சரியே. ஆனால் குழாயை மூடாமல், வெளியே வந்தவர்களுக்கு வேறோர் ஊரில் அறை பார்த்துக் கொடுப்போமா? பாதுகாப்பு இல்லங்களைப் பற்றி நாம் எண்ணும் முறை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது.

இவ்வில்லங்கள் தோன்றிய காலத்தில் வேறு வழியில்லை என்பது உண்மை. 1912இல் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைக் கூட்டிப் படிக்க வைத்தபோதும், 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியபோதும், அங்கு வந்த பெண்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இல்லை. உண்டென்றாலும் அதன்மேல் உரிமை இல்லை. 1971இல் இலண்டனில் சிஸ்விக் பகுதியில் அடிபட்ட மனைவியர்க்கென ஒரு வீடு திறக்கப்பட்டபோதும் நிலை பெரிதும் வேறன்று. போக்கிடமற்றவர்க்குப் போக்கிடம் என்பதே அவற்றின் நோக்கம்.

நம் நாட்டில் அந்த நிலை 2006 அக்டோபர் 26 அன்று மாறிற்று. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (2005ஆம் ஆண்டுச் சட்டம்) அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வாழும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது. வீடு அவள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. வாடகை வீடாயினும் சரி, வாடகைச் சீட்டு கணவன் பெயரில் இருந்தாலும் சரி. 19ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டு கணவனையே வெளியேறச் சொல்லலாம். அல்லது அவளுக்கு வேறு வீடு பார்த்து வாடகை கட்டும்படி ஆணையிடலாம். மாமனார் மாமியாரின் வீடு இதில் சேராது என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பால் பல பெண்கள் தெருவில் நின்றனர். 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பு தவறு என்று மாற்றியது.

ஆகவே, இல்லம் வேண்டாம் என்பதன்று என் வாதம். கொலைக்கும் அஞ்சாத கணவனிடமிருந்து தப்பியவளுக்கு, முகவரி வெளியே தெரியாத ஓர் இடம் உயிர்நாடி போன்றது. புகார் எழுதிக் கொடுக்காத காரணத்தால் இல்லம் அவளை மறுக்கக் கூடாது என்று விதியே உண்டு. நான் கேட்பது வேறு: அங்கே தங்கும் நாட்களில் என்ன நடக்கிறது?

ஒரு கணக்குப் பாருங்கள். மனு வந்தால் சாதாரணமாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை. முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிவு காண முயல வேண்டும் என்பது சட்டம். அவசரமானால் எதிர்த்தரப்பைக் கேளாமலே இடைக்கால ஆணை தரலாம். 2015 முதல் மாவட்டந்தோறும் ஏற்பட்டுவரும் ஒரே இட உதவி மையங்களில் 5 நாள் வரை தங்கலாம். எனவே அந்த 5 நாளுக்குள் மனு எழுதி, மாஜிஸ்திரேட்டு முன் நின்று, ஆணையோடு அவள் வீடு திரும்ப முடியும். காகிதத்தில் எல்லாம் பொருந்தி வருகிறது! நடப்பிலோ, மனு எழுத உதவவேண்டிய பாதுகாப்பு அதிகாரியின் பொறுப்பு பல மாநிலங்களில் வேறு வேலை பார்க்கும் அதிகாரிக்கே கூடுதல் சுமையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சோறும் பாயும் ஆறுதல் மொழியும் கிடைக்கின்றன. மனு மட்டும் எழுதப்படுவதில்லை.

ஆணை கிடைத்தாலும் ஒற்றை அறை வீட்டில் அதைக் காப்பது யார் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பக்கத்துக் காவல் நிலையத்தைத் துணைக்கு நிற்கச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆஸ்திரியா 1997இல் ஒரு படி மேலே போயிற்று. அழைத்த இரவே போலீசார் அடித்தவரை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடலாம். இப்போது இரண்டு வாரத்துக்கு அவர் அந்தப் பக்கம் வரலாகாது. ஜெர்மனியும் 2002இல் அதே வழியில் சட்டம் செய்தது. நம் போலீசாருக்கு அப்படி உடனே வெளியேற்றும் அதிகாரத்தை இச்சட்டம் தரவில்லை. அக்குறையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இது நமக்கு ஏன் வேண்டும்? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கணவரால் கொடுமைக்கு ஆளான மணமான பெண்கள் நாடெங்கும் நூற்றுக்கு 29 பேர் என்றால், கேரளத்தில் 10, நம் தமிழ்நாட்டில் 38. இந்த எண்ணை நாம் பொதியோடு இரயிலில் ஏற்றிக்கொண்டுதான் இங்கு வந்திருக்கிறோம். அடிபட்ட பெண்களுள் யாரிடமாவது உதவி நாடியவர் நாட்டில் நூற்றுக்கு 14 பேரே. அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. வந்தேறிய பெண்ணுக்குப் பிறந்த வீடு ஓர் இரவுப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது. இல்லத்திலும் காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் பேசுவது மலையாளம். திருமணம் தேனியில் நடந்திருந்தாலும், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப்போடலாம் என்பதும், அந்த ஆணை இந்தியா முழுவதும் செல்லும் என்பதும், பெண்களுக்கு வருமானம் பாராமல் சட்ட உதவி இலவசம் என்பதும், 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம் என்பதும் அவளுக்கு யார் சொல்வார்? இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்த நாமன்றி வேறு யார்?

அக்காவின் கதையை முடித்துவிடுகிறேன். சென்ற ஆண்டு மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை இல்லத்துக்குப் போகவில்லை. இலவசச் சட்ட உதவிக்குப் போனோம். வக்கீல் அம்மையார் எழுதிய மனுவை நான் வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். "அந்த ரூம் எனக்கு உரிமையா?" என்று மூன்று முறை கேட்டார். கணவர் அந்த அறைக்குள் நுழையலாகாது என்ற இடைக்கால ஆணை வர 3 நாளன்று, 5 வாரம் ஆயிற்று. அந்த 5 வாரமும் அவர் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே படுத்தார். பையனும் உடன் இருந்தான். வேலை வீடு ஒன்றும் போகவில்லை.