தானே முளைக்கும் காசித்தும்பை

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் காசித்தும்பைக் காயை வெடிக்க வைத்து விளையாடிய நினைவு கட்டாயம் இருக்கும். முற்றிய காயை விரல் நுனியால் தொட்டாலே போதும். அதன் ஐந்து தோல்களும் சட்டென்று சுருண்டு விதைகளைத் தெறிக்கவிடும். இதன் தாவரவியல் பெயர் இம்பேஷன்ஸ் பால்சமினா. இம்பேஷன்ஸ் என்றால் இலத்தீனில் பொறுமையற்றது என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

என் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிவந்தபோது, இதன் விதைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை என மூன்று நிறங்கள். ஒருமுறை தூவியதோடு சரி. அதற்குப் பிறகு அவர் விதைத்து நான் பார்த்ததே இல்லை. செடிகள் மட்டும் ஆண்டுதோறும் இருந்துகொண்டே இருந்தன.

ஓராண்டுத் தாவரம் என்று இதைச் சொல்கிறோம். குளிர்நாடுகளில் இத்தகைய செடிகளின் விதைகள் பனிக்காலம் முழுவதும் மண்ணில் உறங்கும். நம் நாட்டில் அந்தக் காத்திருப்பு இல்லை. மண்ணில் ஈரம் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். ஏறத்தாழ 60, 70 நாளில் பூக்கும். காய் வெடித்து, தாய்ச்செடி வாடுவதற்குள் காலடியில் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும்.

ஆகவே, நாம் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் இருக்க வேண்டியதே அதிகம். பூ முடிந்ததும் செடியைப் பிடுங்கக் கூடாது. காய் வெளிறி உப்பி வெடிக்கும்வரை விட்டுவிட வேண்டும். அந்த இடத்தைச் சுரண்டிப் பெருக்கக் கூடாது. புல்வெட்டும் இயந்திரத்தை அருகே விடவே கூடாது. முளைத்தவற்றை மட்டும் ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றோட்டமின்றி அடைமழையில் தண்டு அழுகிவிடும். வாடாமல்லிக்கும் கோழிக்கொண்டைக்கும் கிட்டத்தட்ட இதே முறைதான். கடையில் வாங்கும் கலப்பின விதைகளை மட்டும் நம்ப வேண்டாம்; அடுத்த தலைமுறை அதே பூவைத் தராது.

கலைப்பதில்தான் நான் தவறு செய்தேன். 2019-இல் பாட்டி காலமான பிறகு, பல்கலைக்கழக விடுமுறையில் வீடு திரும்பும்போதெல்லாம் பாத்தி என் பொறுப்பானது. தண்டு சிவந்த நாற்றுகள் திடமானவை என்று எண்ணி அவற்றை வைத்துக்கொண்டு, வெளிர்பச்சைத் தண்டுள்ளவற்றை நோஞ்சான்கள் என்று பிடுங்கி எறிந்தேன். இரண்டு ஆண்டுகளில் வெள்ளைப்பூ ஒன்றுகூட இல்லை. பூவுக்குச் சிவப்பைத் தரும் நிறமியே தண்டையும் சிவக்க வைக்கிறது என்பதும், வெள்ளைப்பூச் செடியின் தண்டு பச்சையாகவே இருக்கும் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாட்டி பிள்ளையாருக்கென்று தனியே பறித்து வைத்ததோ அந்த வெள்ளைப்பூவைத்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது எந்த நாற்றையும் நிறம் பார்த்துக் கலைப்பதில்லை. ஒவ்வொரு செடியிலிருந்தும் கொஞ்சம் விதையைக் காயவைத்து, உறையில் போட்டுப் பெயரெழுதி வைக்கிறேன். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் மகரந்தத்தைக் கலந்துவிடுவதால், சிவப்புப்பூச் செடியின் விதைக்குள்ளும் வெள்ளை மறைந்திருக்க வாய்ப்புண்டு.

சென்ற மாதம் கால்வாயோரச் சிமெண்டு வெடிப்பில் ஒரு நாற்றைக் கண்டேன். தண்டு முழுப்பச்சை. சுற்றிலும் நான்கு குச்சிகளை நட்டு வைத்திருக்கிறேன். இன்னும் மொட்டு விடவில்லை.