புதுப் படகு இஞ்சின்: முதல் ஆயில் மாற்றத்துக்கு மணிக்கணக்கே முக்கியம்

நகையை விற்றும், உறவினரிடம் கைமாற்று வாங்கியும் வள்ளத்துக்குப் புது இஞ்சின் எடுக்கும் குடும்பங்கள் நம் மன்னார் வளைகுடாக் கரையில் பல உண்டு. அந்த இஞ்சின் பல வருடம் உழைக்க வேண்டுமானால் ஆரம்ப நாட்களில் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதில் முதல் ஆயில் மாற்றம் மிக முக்கியம். பலரும் தவறவிடுவதும் அதைத்தான்.

முதலில் உங்கள் இஞ்சின் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். டூ-ஸ்ட்ரோக் இஞ்சின்களில் பொதுவாக ஆயிலை எரிபொருளோடு கலந்து ஓட்டுகிறோம். அது எரிந்து போய்விடும். வடித்து மாற்றுவதற்கு இஞ்சின் ஆயில் இல்லை. ஃபோர்-ஸ்ட்ரோக் இஞ்சினில் ஆயில் உள்ளேயே தங்கிச் சுற்றி வருவதால் அதை மாற்றியாக வேண்டும். விசிறி பொருத்தியிருக்கும் கீழ்ப்பகுதியில் உள்ள கியர் ஆயிலை இரண்டு வகையிலும் மாற்ற வேண்டும்.

புது இஞ்சினில் எதற்கு இத்தனை அவசரம் என்று சிலர் கேட்கலாம். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது மிக நுண்ணிய இரும்புத்தூள் உதிர்ந்து ஆயிலில் கலக்கிறது. அதே ஆயிலில் தொடர்ந்து ஓட்டினால் அந்தத் தூளே பாகங்களைத் தேய்க்கும். ஆகவே பெரும்பாலான கம்பெனிக் கையேடுகள் முதல் மாற்றத்தை 20 மணி நேர ஓட்டத்திலும், அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் செய்யச் சொல்கின்றன. மாதக்கணக்கும் அதில் இருக்கும். இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவே தவணை.

நாம் ஏமாறுவது இந்த மாதக்கணக்கில்தான். தினம் ஐந்து மணி நேரம் இஞ்சின் ஓடினால் நான்கே நாளில் 20 மணி முடிந்துவிடும். அடுத்த 100 மணி இருபது நாள் தொழிலில் வந்துவிடும். எனவே வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். கரை வந்ததும் அன்று ஓடிய மணியைப் பிள்ளைகளோ வீட்டுப் பெண்களோ குறித்து வைக்கட்டும்.

இஞ்சின் ஆயில் மாற்றும் முறை

கடலிலிருந்து திரும்பிய இளஞ்சூட்டில் ஆயில் எளிதாக வடியும். இஞ்சினை அணைத்து, கையைச் சுடாத அளவு ஆறவிடுங்கள். கையேட்டில் காட்டியபடி நிறுத்தி, கீழே டப்பா வைத்து, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுங்கள். முழுதும் வடிந்தபின் புது வாஷர் போட்டு முடுக்குங்கள். ஃபில்டரையும் கையேடு சொல்லும் தவணையில் மாற்றுங்கள். கடல் இஞ்சினுக்கென உள்ள எஃப்.சி.-டபிள்யூ தர ஆயிலைக் கையேட்டில் உள்ள அளவுக்கு ஊற்றுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து அதில் உண்டு. குறைவாக ஊற்றுவது போலவே கூடுதலாக ஊற்றுவதும் கெடுதி. கரையில் ஓட்டிப் பார்ப்பதானால் குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் ஓட்டவே கூடாது.

கியர் ஆயில்

முதலில் கீழ்த்திருகையும் பிறகு மேல்திருகையும் கழற்றினால் ஆயில் வடியும். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாகவே, மேல்துளையில் எட்டிப் பார்க்கும் வரை ஏற்றுங்கள். முதலில் மேல்திருகையும், பின் கீழ்த்திருகையும் மூடுங்கள். வடிந்த ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலைச் சரிபார்க்காமல் கடலுக்குப் போகாதீர்கள். நடுக்கடலில் கியர் பிடித்துக்கொண்டால் ஆபத்து இஞ்சினுக்கு மட்டுமல்ல, ஆளுக்கும்தான்.

கழிவு ஆயில்

கழிவு ஆயிலை மணலிலோ கடலிலோ ஊற்றாதீர்கள். நாம் மீன் பிடிக்கும் தண்ணீர் அது. மூடியுள்ள கேனில் சேர்த்து, அரசு அனுமதி பெற்று பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றினாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். பில்லையும் மணிக்கணக்கு நோட்டையும் பத்திரமாக வையுங்கள். வாரண்டி கேட்கும்போது அவைதான் பேசும். ஒரு வேளை ஆயில் செலவுக்குத் தயங்கி மொத்த இஞ்சினையும் இழக்க வேண்டாம். நோட்டை இன்றே தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், இஞ்சினும் நெடுநாள் உழைக்கும்.