செவியே முதல் ஏடு

மக்கள் மொழியை முதலிற் செவியாற் பெறுகின்றனர். கண்ணாற் பெறுவது பின்னரே ஆகும். ஐந்து வயதிற் பள்ளிக்கு வரும் குழந்தை ஓர் எழுத்தும் அறியாததாயினும், மொழி அறியாதது அன்று. தாயின் தாலாட்டிலும், பாட்டி கூறும் கதையிலும், தெருவில் ஆடும் விளையாட்டிலும் அது சொற்செல்வத்தை முன்னரே ஈட்டியிருக்கும். எழுத்துக் கல்விக்கு அச்செல்வமே முதலாகும்.

எழுத்து என்பது யாது? ஒலிக்கு மக்கள் அமைத்த வடிவமே எழுத்து. ஆதலின், ஒலியைப் பகுத்துணராத குழந்தைக்கு அவ்வடிவம் வெறுங் கோடாகவே தோன்றும். கைகொட்டிப் பாடும் பாட்டுகளில் குழந்தை இப்பகுப்பைத் தானே பழகுகின்றது. முதலெழுத்து மாறினால் ‘கல்’ என்பது ‘பல்’ ஆகும்; இறுதியெழுத்து மாறினால் ‘கல்’ என்பது ‘கண்’ ஆகும். இவ்வேறுபாட்டைக் காதால் உணர்ந்த குழந்தை, எழுத்தைக் கண்டவுடன் அஃது எதன் வடிவம் என்று எளிதில் அறிந்துகொள்ளும்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள் உள்ளன. ஆயினும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே ஒலி என்று கூறுதல் இயலாது. ‘பம்பரம்’ என்னும் சொல்லில் முதலில் நிற்கும் பகரம் வன்மையாக ஒலிக்கின்றது. மகர மெய்யின் பின் வரும் பகரமோ மென்மையாக ஒலிக்கின்றது. எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு. பம்பரம் சுற்றி ஆடிய சிறுவன் இச்சொல்லைப் பிழையின்றிப் படிப்பான். அப்பெயரையே கேட்டிராத சிறுவன் எழுத்தெழுத்தாகக் கூட்டித் தடுமாறுவான். பேச்சறிவு படிப்பிற்குத் துணையாதலை இதனால் அறியலாம்.

எழுதுதலும் இவ்வாறே வளர்வது. சுவரிற் கிறுக்குதலும், கோலப்புள்ளிகளை இணைத்தலும் கையைப் பழக்குகின்றன. திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் மணலில் விரலால் எழுதும்போதே அவ்வெழுத்தை வாயால் உரக்கச் சொல்லினர். கண், கை, வாய், செவி ஆகிய நான்கும் ஒருங்கே தொழிற்பட்டமையால் பாடம் நெஞ்சில் நிலைத்தது. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றிற்கு 1789ஆம் ஆண்டில் கண்காணிப்பாளரான ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளி ஒன்றில் மணலெழுத்தைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் மேற்கொண்டார்; மூத்த மாணாக்கரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தார். தாம் கண்ட பயனை 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார்.

இனி, நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை வீட்டில் ‘போறேன்’ என்று பேசுகின்றது. பாடநூலில் ‘போகிறேன்’ என்று காண்கின்றது. வகுப்பில் ‘போறேன்’ என்ற குழந்தையைப் பிறர் நகைத்தால், அது நாணி வாய் மூடும். வாய் மூடிய குழந்தை வினவாது. வினவாத குழந்தை கற்பது அரிது. அக்குழந்தை பேசியது பிழையன்று, அது பேச்சுவழக்கு. ‘போறேன் என்று சொல்கிறோம், போகிறேன் என்று எழுதுகிறோம்’ என அன்புடன் உணர்த்தினால், வீட்டுமொழியே ஏட்டுமொழிக்குப் படியாக அமையும்.

இப்பணி ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. தம்பி தங்கையரை உடைய மாணவர் ஒவ்வொருவரும் இதனைச் செய்யலாம். நாள்தோறும் ஒரு கதையை அவர்கள் கேட்கப் படித்தல் வேண்டும். படிக்கும் வரியை விரலாற் சுட்டுதல் வேண்டும். அவர்கள் தம் சொல்லால் அக்கதையைத் திரும்பக் கூறும்போது, குறுக்கிடாமற் கேட்டல் வேண்டும். இன்று கேட்கும் குழந்தையே நாளை படிக்கும். இன்று தடையின்றிப் பேசும் குழந்தையே நாளை அச்சமின்றி எழுதும்.